மலையேறும் கிழங்கு

மாகாளிக்கிழங்கு ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் வீடு இரண்டு கட்சியாகிவிடும். ‘மூட்டைப்பூச்சி நாத்தம்’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறவர்கள் ஒரு கட்சி. தயிர்சாதத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜாடிக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறவர்கள் இன்னொரு கட்சி. விஜயபுரத்தில் என் பெரியம்மா வீட்டில் சின்ன வயதில் நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்தேன். இன்றுவரை மாறவில்லை.

விஜயபுரம் நகரிக்குப் பக்கத்து ஊர். சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் தமிழ்நாட்டோடு தோள் உரசும் எல்லைப் பகுதி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அந்தப் பக்கமே நின்றுவிட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்து. கை கால் முறிந்தால் புத்தூர் கட்டு. வெயில் ஏறினால் நன்னாரி சர்பத். உடம்பைப் பார்த்துக்கொள்ள இந்த ஊர்க்காரர்கள் மலையையும் மரபையும் நம்பியே பழகியவர்கள்.

கிழங்கு கூடையில் வரும். கொண்டு வருகிறவர் யானாதிப் பெண். நெல்லூர், சித்தூர் பக்கம் பரவலாக வாழும் பழங்குடியினர் யானாதிகள். நம் பக்கத்து இருளர்களைப் போல வேரும் தேனும் எலிவளையும் அறிந்தவர்கள். ஒரு வருடம் பெரியம்மா கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டது நினைவிருக்கிறது: “என்னம்மா இது, முன்னெல்லாம் மணிக்கட்டு தடிமன் கொண்டு வருவே. இப்போ விரல் மாதிரி இருக்கே?” அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்தபடியே சொன்னார்: “கீழ ஏதும்மா கிழங்கு? மேல ஏறணும். நாளெல்லாம் தோண்டினா இவ்வளவுதான்.”

ஒரு பொருள் அரிதாகிவிட்டால் ‘அதெல்லாம் மலையேறிப் போச்சு’ என்போம். இந்தக் கிழங்கைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மை. அது ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், வழி சீனத்து மருந்துக் கடை வரைக்கும் நீளுகிறது.

தாவரவியலில் இதன் பெயர் டெக்காலெப்பிஸ் ஹாமில்டோனி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து தென்னிந்தியச் செடிகொடிகளில் வாழ்நாளைச் செலவிட்ட ராபர்ட் வைட், தன் நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834ல் இதற்குப் பெயரிட்டார். எருக்கு, நன்னாரி, அரளி எல்லாம் இதன் உறவுக்காரர்கள். கிள்ளினால் பால் வடியும் கொடி. காய் வெடித்தால் பஞ்சு கட்டிய விதைகள் எருக்கம் விதை போலவே காற்றில் மிதந்து போகும். காய்ந்த இலையுதிர் காட்டில், பாறை இடுக்கில், வேறு எதுவும் நிற்கத் தயங்கும் இடத்தில் இது காலூன்றும். கொடியின் அடியிலிருந்து பல கிழங்குகள் கொத்தாகப் பிரிந்து பாறைக்குள் இறங்கும். மழை பெய்யும் கொஞ்ச நாளில் சேர்த்த நீரையும் மாவையும் அங்கே பதுக்கி வைத்துக்கொண்டு மீதி மாதங்களை ஓட்டுகிறது. கிழங்கு அதன் சேமிப்பு. உலகத்தில் வேறெங்கும் இது இல்லை. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு, கேரளத்தில் சில இடங்கள், அவ்வளவுதான்.

பெயர்களைச் சொன்னால் தலை சுற்றும். தமிழில் மாகாளி, மாகாணி இரண்டும் உண்டு. கன்னடத்தில் மாகளி பேரு. தெலுங்கில் மாரேடு கொம்முலு, நன்னாரி கொம்முலு. தெலுங்கில் மாரேடு என்றால் வில்வ மரம்; அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ‘நன்னாரி’ என்ற பெயர் இதன்மேல் வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வாசனை. கிழங்கைத் தோல் சீவி, நடுவிலிருக்கும் கட்டை நரம்பை எடுத்துப் போட்டு, சதையைத் துண்டாக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய், கடுகுப்பொடி சேர்த்து மோரிலோ தயிரிலோ ஊறப் போடுவது வழக்கம். நறுக்க ஆரம்பித்தவுடன் மணம் தெரு முனைக்குப் போய்விடும். இந்த மணத்துக்குப் பெரும் காரணம் ஒரே ஒரு மூலக்கூறு: 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் நாம் விரும்பிச் சாப்பிடும் வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் இதன் உடன்பிறப்பு. இரண்டிலும் எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன் அணுக்கள். ஆள் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை; உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு.

ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்த பந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இலையில் ஆல்டிஹைடு என்ற தொகுதி. வெனிலினில் மூன்றாவது இலையில் மெத்தாக்சி, நான்காவதில் ஹைட்ராக்சில். மாகாளியில் ஹைட்ராக்சில் இரண்டாவது இலைக்கே வந்து ஆல்டிஹைடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. மெத்தாக்சி நான்காவதற்குப் போய்விட்டது. இதன் விளைவு பெரிது. பக்கத்தில் இருப்பதால் ஹைட்ராக்சில் ஆல்டிஹைடின் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது இதுதான். தனக்குள்ளேயே கைகோத்துக்கொண்ட மூலக்கூறு அண்டை மூலக்கூறுகளை அவ்வளவாகப் பற்றுவதில்லை. அதனால் எளிதில் உருகும், எளிதில் காற்றில் ஏறும். வெனிலின் உருக 80 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும்; மாகாளியின் மணப்பொருளுக்கு 42 பாகையை ஒட்டிய வெப்பம் போதும். சித்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலே அந்த அளவைத் தொட்டுவிடும். ஜாடிக்குத் துணி கட்டி மூடினாலும் வாசனை வெளியே வந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

மூட்டைப்பூச்சிக் கட்சிக்காரர்களையும் குறை சொல்ல முடியாது. மூட்டைப்பூச்சி பயந்தால் வெளிவிடும் எச்சரிக்கை மணத்தில் ஹெக்சினால், ஆக்டினால் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவையும் ஆல்டிஹைடுகளே. கொத்தமல்லித் தழையில் இருப்பதும் அதே வகையறா. அதைப் பிடிக்காதவர்களும் மூட்டைப்பூச்சி வாசனை என்றுதான் சொல்கிறார்கள். மாகாளியின் ஆல்டிஹைடு வளையம் கொண்டது, அவை நேர்ச் சங்கிலி. வேறுபாடு உண்டு. ஆனாலும் நம் முன்னோர் மூக்கு ஒரு தூரத்து உறவை மோப்பம் பிடித்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொடி இதை நமக்காகத் தயாரிக்கவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் சேமிப்பைப் புழுவும் பூஞ்சையும் தின்றுவிடாமல் இருக்க வைத்துக்கொண்ட காவல் அது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் இந்தக் கிழங்கின் சாறு தானியக் கிடங்குப் பூச்சிகளைக் கொல்வதையும், பல நுண்ணுயிர்களைத் தடுப்பதையும் காட்டினார்கள். ஊறுகாய் வருடக்கணக்கில் கெடாமல் இருப்பதில் உப்புக்கும் புளிப்புக்கும் துணையாகக் கிழங்கின் கையும் இருக்கிறது என்று கொள்ளலாம். இதே பொருள் டைரோசினேஸ் என்ற நொதியையும் முடக்குகிறது. தோலில் கருமை நிறம் உண்டாவதற்கு அந்த நொதி வேண்டும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இந்த வகை நொதியால்தான். இதைக் காட்டிய 1999ஆம் ஆண்டு ஆய்வு, ஆப்பிரிக்க மூலிகைகளிலிருந்து பிரித்தெடுத்த பொருளை வைத்துச் செய்யப்பட்டது. ஆப்பிரிக்காவில் இந்த மூலக்கூறு எப்படி வந்தது? மாகாளிக்கு அங்கே ஒரு உறவுக்கொடி இருக்கிறது, மோண்டியா வைட்டி. கென்யாவின் காக்கமேகா காட்டுப் பக்கம் அதை முக்கோம்பெரோ என்கிறார்கள். வேரை அப்படியே மென்று தின்பார்கள், உடம்புக்குத் தெம்பு என்று. தெம்பு தருவதாகப் பெயர் வாங்கிய பாவத்துக்கு அதுவும் தோண்டித் தீர்க்கப்பட்டு, பிறகு அந்தப் பகுதி விவசாயிகள் கொல்லையில் நட்டு வளர்க்கும்படி ஆயிற்று.

இப்போது நன்னாரிக்கு வருவோம். நன்னாரி என்று சித்த மருத்துவமும், சாரிவா என்று ஆயுர்வேதமும் சொல்வது ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். வேலியிலும் வயல் வரப்பிலும் கம்பி போல் சுற்றும் மெல்லிய கொடி. வேரும் மெலிசு, பென்சில் தடிமனுக்கு வந்தால் அதிசயம். உடல் சூட்டைத் தணிக்கும், குருதியைத் தூய்மையாக்கும், இளைத்த உடம்பைத் தேற்றும் என்று அதற்குப் பெயர். அந்த வேரின் மணத்துக்குக் காரணமும் இதே 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. ஆகவே மூக்கை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்று. ஒரு கிலோ நன்னாரி வேர் சேர எத்தனையோ கொடியைப் பிடுங்க வேண்டும். மாகாளியில் ஒரு தூரைத் தோண்டினால் கூடை நிறையும். வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்திய மருந்துச் சரக்குச் சந்தையில் சாரிவாவுக்குப் பதிலாக மாகாளி நுழைந்தது இப்படித்தான். ராயலசீமை முழுவதும் வெயில் காலத்தில் எலுமிச்சையும் சோடாவும் கலந்து நன்னாரி சர்பத் என்று தருகிறார்களே, அதைக் காய்ச்சுவதில் மாகாளிக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் நன்னாரி, வேர் மாகாளி.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தமிழர்கள் சீன மருந்துக் கடையைக் கடந்து போயிருப்பார்கள். மரப் பெட்டிகள், தராசு, காய்ந்த வேர்களின் இனிப்பும் மண்ணும் கலந்த மணம். சூப்பில் போட என்று கட்டித் தரும் சரக்குகளில் வெளிர் மஞ்சளாக, சுருக்கம் விழுந்த குச்சி போல ஒரு வேர் இருக்கும். மென்றால் லேசாக இனிக்கும். அதன் பெயர் தாங்ஷென். பசி எடுக்கவில்லை, களைப்பு, மூச்சு வாங்குகிறது என்றால் சீன மருத்துவர் சேர்க்கும் தேற்று வேர். கோடொனாப்சிஸ் பிலோசுலா என்ற கொடியின் வேர் அது. கிள்ளினால் பால் வடியும், சுற்றிப் படரும், வேரில் தனி மணம். மாகாளிக்கும் அதற்கும் குடும்ப உறவே கிடையாது. ஆனால் குணம் அடையாளம் சொல்லக் கேட்டால் ஒன்றைச் சொல்லும்போதே மற்றது கண்முன் வருகிறது.

தாங்ஷென் என்ற பெயரின் கதை இன்னும் நெருக்கம். சீனத்தில் தேற்று வேர்களுக்கெல்லாம் அரசன் ரென்ஷென், அதாவது ஜின்செங். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையான ஷென்னோங் மூலிகை நூல் 365 சரக்குகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. நீண்ட நாள் உண்டாலும் தீங்கு செய்யாமல் உயிரை வளர்ப்பவை என்று முதல் தரத்தில் வைத்த 120ல் ஜின்செங் ஒன்று. பழைய காலத்தில் உயர்ந்த ஜின்செங் கிடைத்த இடமாகப் பேர் பெற்றது ஷாங்தாங், இன்றைய ஷான்ஷி மாகாணத்தின் தென்கிழக்கு மலைப் பகுதி. அங்கே காடு அழிந்தது, தோண்டுவது நிற்கவில்லை, ஜின்செங் அற்றுப்போனது. ஆனால் ‘ஷாங்தாங் வேர்’ வேண்டும் என்று கேட்பவர்கள் அற்றுப்போகவில்லை. அதே மலையில் கிடைத்த வேறொரு வேர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஷாங்தாங்கின் ‘தாங்’ சேர்ந்து அது தாங்ஷென் ஆனது. பழைய ஷாங்தாங் வேர் இன்றைய ஜின்செங்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தாங்ஷென் தனிச் சரக்கு என்று மருந்து நூலில் தெளிவாகப் பிரித்து எழுதப்பட்டது 1757ல்தான். வேதியியல் கேட்டால் இரண்டும் வேறு. ஜின்செங்கின் சிறப்புப் பொருள்களான ஜின்செனோசைடுகள் தாங்ஷென்னில் இல்லை. அதில் இருப்பவை வேறு வகை சர்க்கரைச் சங்கிலிகளும் லோபெட்டியோலின் போன்ற பொருள்களும். ஏழைகளின் ஜின்செங் என்று அதற்கு ஒரு பட்டம் வந்தது.

கவனியுங்கள். முதல் வேர் தீர்ந்ததும் பெயர் அப்படியே நின்றது, வேர் மாறியது. நன்னாரிக்கும் மாகாளிக்கும் நடப்பது அதே வரிசைதான்.

ஜின்செங் தேடல் ஷாங்தாங்கோடு நிற்கவில்லை. வடகிழக்கே மஞ்சூரியக் காடுகளுக்குப் போனது. அங்கிருந்து வந்த சிங் அரசர்கள் தோண்டுவதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். கிழங்கு குறைந்தபோது சில மலைகளைச் சில ஆண்டுகள் ஓய விடும் வழக்கமும் வைத்திருந்தார்கள். 1711ல் பியர் ழார்த்து என்ற பாதிரியார் அந்தச் செடியை வருணித்து எழுதிய கடிதத்தில், இதே மாதிரி மலையும் காடும் உள்ள கனடாவிலும் இது இருக்கலாம் என்று ஊகித்தார். 1716ல் லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார் மான்ட்ரியல் பக்கம் மோஹாக் மக்களின் உதவியோடு அதன் அமெரிக்க இனத்தைக் கண்டுபிடித்தார். உடனே அந்தக் காடும் தோண்டப்பட்டது. கப்பல் கப்பலாக வேர் சீனத்துக்குப் போனது. 1975ல் அமெரிக்க ஜின்செங் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற வேண்டியதாயிற்று. இப்போது அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஐந்து வயது ஆகாத செடியைத் தோண்டக் கூடாது. தோண்டியவர் அதன் சிவப்புப் பழத்தை அதே இடத்தில் விதைத்துவிட்டு வர வேண்டும் என்பது சட்டம். சின்ன விதிதான். ஆனால் வேர் வணிகத்தின் குறையை அது நேராகத் தொடுகிறது.

இலையைப் பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும். பழத்தைப் பறித்தால் மரம் நிற்கும். வேரைத் தோண்டினால் எல்லாம் முடிந்தது. தேற்று மருந்துகளில் பெரும்பாலானவை வேராக இருப்பதும் இந்த இழப்போடு பின்னிக் கிடக்கிறது. பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்து வைத்ததைத்தான் நாம் ‘சத்து’ என்கிறோம். வயதான வேருக்கு மதிப்பு அதிகம் என்று சீனரும் நம்புகிறார்கள், நம்மவர்களும் நம்புகிறார்கள். ஆகவே விதை போட்டு இனத்தைப் பெருக்கக்கூடிய மூத்த கொடிகளே முதலில் போகின்றன. மாகாளியின் விதைகளிலோ முளைப்பவை குறைவு என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அமுக்கரா கிழங்கை நினைவுபடுத்துவார்கள் சிலர். ‘இந்திய ஜின்செங்’ என்று உலகம் அதைத்தான் அழைக்கிறது. ஆனால் அமுக்கரா கத்தரி குடும்பத்துச் செடி. விதைத்த ஐந்தாறு மாதத்தில் பிடுங்கிவிடலாம். மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர் பக்கம் வயல் வயலாக நிற்கிறது, நம் அனந்தபுரம் பக்கத்திலும் பயிராகிறது. உலகில் கிராக்கி ஏறினால் இன்னும் நான்கு வயலில் விதைப்பார்கள். மாகாளிக்குக் கிராக்கி ஏறினால் இன்னும் நான்கு பாறை காலியாகும். ஜின்செங்கின் கதையோடு பொருந்துவது மாகாளிதான்.

தேற்றும் என்கிறோமே, உண்மையில் தேற்றுகிறதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. மாகாளிக்கிழங்குச் சாற்றுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. சாராயத்தால் எலிகளின் கல்லீரலுக்கு நேரும் கேட்டை அது குறைத்ததாக மைசூர் ஆய்வாளர்கள் 2006ல் எழுதினார்கள். நல்ல வேலை. ஆனால் சோதனைக் குழாயும் எலியும் மனிதர் ஆகிவிடாது. வெளிவந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பான்மை இந்த இரண்டு வகைதான். ஆகவே சர்க்கரை நோய்க்கும் கல்லீரலுக்கும் மருந்து என்று யாராவது பொடியைக் கட்டி விற்றால் நான் வாங்க மாட்டேன். உங்களுக்கும் வேண்டாம் என்பேன். வெயிலில் வந்தவருக்கு ஒரு தம்ளர் சர்பத் தரும் தெம்பில் தண்ணீருக்கும் சர்க்கரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. மணம் பசியைத் தூண்டுகிறது, மோரில் ஊறியது வயிற்றுக்கு இதமாக இருக்கிறது. இந்த அளவுக்கு என் நாக்கே சாட்சி. ஒரு கிழங்கைக் காப்பாற்ற அது சர்வரோக நிவாரணியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

திருப்பதி, சித்தூர் மலைகளைச் செம்மரத்துக்காகவே உலகம் அறியும். சேஷாசலம் 2010ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 4,755 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. செம்மரம் வெட்டினால் செய்தி வரும், கைது வரும். கிழங்கு தோண்டினால் செய்தி இல்லை. ஒரு குழி, மேலே இழுத்து விட்ட மண், வாடிய கொடி. திருப்பதியில் மூலிகை நாட்டார் வழக்காற்று ஆய்வு மையத்தை நடத்திய எஸ். வேதவதி, சித்தூர் மாவட்டப் பழங்குடி மருத்துவத்தைத் தொகுத்து 1997ல் நூலாக்கியவர். 2004ல் அவர் இந்தக் கிழங்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். நம் மண்ணின் ஆரோக்கிய பானத்துக்கு மூலமான கொடி அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பதே அதன் செய்தி. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் இது இன்று அருகிவரும் இனம். இதன் தமக்கை ஒருத்தி தெற்கே அகத்தியமலைப் பாறைகளில் மட்டும் இருக்கிறாள். டெக்காலெப்பிஸ் அறயால்பத்ரா, காணி மக்கள் சொல்லும் அமிர்தபாலை. அவள் நிலை இன்னும் மோசம்.

பழியைக் கூடை சுமக்கிறவர் மேல் போடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரியம்மா வீட்டு வாசலில் கிழங்கு இறக்கிய அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் கிடைத்திருக்காது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருளில் வேரையும் கிழங்கையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அவற்றின்மேல் காட்டுவாழ் மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. உரிமை இருந்தும் விலை இல்லாதபோது என்ன நடக்கும்? கிலோவுக்குக் கிடைப்பது சொற்பமானால் நிறையத் தோண்டினால்தான் அடுப்பு எரியும். இளங்கிழங்கு, முதிர்கிழங்கு பார்க்க முடியாது. ஆந்திரத்தின் கிரிஜன் கூட்டுறவு நிறுவனம் 1956லிருந்து பழங்குடியினரிடம் காட்டுப் பொருள்களை வாங்கி வருகிறது; நன்னாரி சர்பத்தும் விற்கிறது. அப்படிப்பட்ட ஓர் அமைப்பு முதிர்ந்த கிழங்குக்கு மட்டும் கூடுதல் விலை என்று வைத்தால், எந்தக் காவல்படையும் செய்யாத வேலையை அது செய்யும் என்று நம்புகிறேன்.

யானாதிகளுக்குத் தெரியாத முறையும் அல்ல இது. ஒரு தூரில் பல கிழங்குகள் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் தோண்டி, முற்றிய இரண்டு மூன்றை எடுத்து, மீதியைத் தலையோடு விட்டு மண்ணை அணைத்துவிட்டால் கொடி பிழைக்கும். அவசரமும் கடனும் இல்லாத காலத்தில் அப்படித் தோண்டத்தான் மனம் வரும். இன்னொரு வழி வயல். மைசூர் ஆய்வாளர்கள் திசு வளர்ப்பில் நாற்று உண்டாக்கும் முறைகளை வகுத்திருக்கிறார்கள். குச்சியிலும் விதையிலும் கன்று எழுப்பும் முயற்சிகள் உண்டு. பாறையில் வாழும் கொடிக்கு வளமான நிலம் வேண்டாம். நகரி, புத்தூர், பிச்சாட்டூர் பக்கத்து மேட்டு மானாவாரி நிலத்தில் மா மரங்களுக்கு நடுவே வேலியோரமாக நிற்கலாம். அறுவடைக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். மா வைத்தவர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. சீனத்தில் இன்று கடைக்கு வரும் தாங்ஷென்னில் பெரும்பகுதி கான்சூ மாகாணத்து வயல்களில் விளைந்தது. மாற்றாக வந்த வேரை வயலுக்குக் கொண்டுவந்து பிழைக்க வைத்துவிட்டார்கள். நமக்கு மாற்றாக வந்த வேர் இன்னும் மலையில்தான் இருக்கிறது. மாகாளி போனால் அந்த மணத்தோடு மூன்றாவது வேர் ஏதும் இந்த மலைகளில் நமக்காகக் காத்திருக்கவில்லை.

பெரியம்மா கடைசியாகப் போட்ட ஊறுகாயில் துண்டுகள் சுண்டுவிரல் அளவுதான் இருந்தன. நரம்பை எடுத்தால் சதையே மிஞ்சவில்லை என்று சொல்லிக்கொண்டே நறுக்கினார். அந்த அளவுக் கிழங்கை வாங்கியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. வாங்கினோம்.

மயிலாப்பூர் மாடவீதியிலோ, திருப்பதிச் சந்தையிலோ, உங்கள் வீட்டு வாசலிலோ அடுத்த முறை மாகாளிக்கிழங்கைப் பார்த்தால் இதைச் செய்யுங்கள். மெலிந்ததை வாங்காதீர்கள். கொண்டு வந்தவரிடம், கொடிக்கு வேர் விட்டு வைத்தீர்களா என்று கேளுங்கள். விட்டு வைத்தேன் என்று சொல்கிறவரிடம் பேரம் பேசாமல், அவர் கேட்ட விலையைக் கொடுங்கள்.